மாதம் ஒருமுறை நோகும் துண்டு

மேனுகாவின் இடது இடுப்புக்குள், யுத்தத்தில் வெடித்த செல் குண்டின் இரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. புளியங்கொட்டை அளவு. 2009ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், அவளுக்கு இருபத்து மூன்று வயதாக இருக்கும்போது உள்ளே போனது. அந்த நாட்களில் அவளைப் பார்த்த டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இது கால் நரம்புக்குப் பக்கத்திலை நிக்குது, தங்கச்சி. எடுக்க வெளிக்கிட்டா கால் வழங்காமப் போகலாம். இருக்கிற இடத்திலையே இருக்கட்டும்" என்றார். அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. அடுத்த பாயில் கிடந்தவரிடம் போய்விட்டார்.

அந்தப் படம் இப்போதும் அவளுடைய அலுமாரியில், கூறைச்சேலைக்குக் கீழே, மடங்காமல் இருக்கிறது. டொக்டர் சொன்ன வார்த்தையையும் அவள் அப்படியே வைத்திருந்தாள்.

துணுக்காயை அண்டிய ஓர் உப தபாலகத்தில் மேனுகா கடிதம் விநியோகிக்கிறாள். சேர்ந்தது 2016இல். ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர் சைக்கிள். பாதி தார் றோட்டு, பாதி கிரவல், மிச்சம் வாய்க்கால் கட்டு. கணவன் குகதாசன் குளத்துக்குக் கீழே இரண்டரை ஏக்கர் வயல் செய்கிறான். ஒரு போகம் விளையும், அடுத்தது விளையாது. மூத்தவனும் இளையவளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டுக்குத் தவறாமல் வருவது மேனுகாவின் சம்பளம் மட்டுமே. ஆகவே கால் வழங்காமல் போவதென்றால் என்னவென்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கால் இல்லையென்றால் சைக்கிள் இல்லை. சைக்கிள் இல்லையென்றால் வேலை இல்லை.

நோவு தொடங்கியது 2017இல். அடிவயிற்றின் இடது பக்கத்தில் பிடித்து, இடுப்புக்கு ஏறி, தொடை வழியாக முழங்கால் வரை இறங்கும். மூன்று நாள், நான்கு நாள் நிற்கும். மாதவிடாய் வரும் நாட்களில்தான் வரும். இடது பக்கம் என்றபடியால் துண்டுதான் என்று அவள் முடிவு செய்தாள். குகதாசனும் அப்படியே முடிவு செய்தான்.

இந்தப் பக்கத்தில் உடம்புக்குள் துண்டு வைத்திருப்பவர்கள் பலர். யாரும் அதை ஒரு புதினமாகச் சொல்வதில்லை. முதியோர் கொடுப்பனவு எடுக்கும் நாளில் தபாலக வாசலில் வரிசை நிற்கும்போது, நெல் விலை, பேரப்பிள்ளை, யானை என்ற கதைகளுக்கு நடுவே துண்டுக் கதையும் வந்து போகும். அமராவதிக்குத் தோள்மூட்டில் ஒன்று இருக்கிறது. மழைக்கு இரண்டு நாள் முந்திக் குத்தத் தொடங்கும் என்பார். மேனுகாவின் கடிதப் பாதையில் கடைசி வீடு அவருடையது.

"என்ரை துண்டு மாரிக்கு மட்டுந்தான் வேலைக்கு வரும். மற்றக் காலம் படுத்துக் கிடக்கும்" என்றார் அமராவதி ஒருநாள். "உன்ரை எப்பிடியடி பிள்ளை?"

"என்ரை மாசத்துக்கு ஒருக்கா வரும் அக்கா."

"அப்பிடியே? அப்ப உன்ரை துண்டு மாசச் சம்பளக்காரி. என்ரைதான் நாட்கூலி."

வரிசை சிரித்தது. உள்ளே முத்திரை கிழித்துக்கொண்டிருந்த உப தபாலதிபர் நடராசா தலையைத் தூக்காமல், "சம்பளம் எடுக்கிற துண்டெண்டால் வரவுப் புத்தகத்திலை கையெழுத்து வைக்க வேணும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை ஏன் வருகிறது என்று அந்த வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை. மேனுகாவும் கேட்கவில்லை. துண்டு உள்ளே எதையோ அறுக்கிறது, அதனால்தான் இரத்தமும் கூடப் போகிறது என்று எடுத்துக்கொண்டாள்.

2019இல் நோவு நின்றது. அதற்குச் சற்று முன்னர்தான் குகதாசன் அவளுடைய சைக்கிளில் இருந்த பழைய சீற்றைக் கழற்றிவிட்டு, கிளிநொச்சியில் வாங்கிய ஸ்பிரிங் வைத்த அகலமான சீற் ஒன்றைப் பூட்டியிருந்தான். ஆகவே நோவைப் போக்கியது சீற் என்று ஆனது. ஏறக்குறைய இரண்டு வருடம் மேனுகா சுகமாகச் சைக்கிள் மிதித்தாள். குகதாசனுக்கு ஊரில் கொஞ்சம் பெயரும் வந்தது. இடுப்பிலும் தொடையிலும் துண்டு வைத்திருந்த இரண்டு பேர் எந்தக் கடை என்று விசாரித்துப் போய் அதே சீற்றை வாங்கினார்கள். அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. 'உங்கடை துண்டு வேற சாதி' என்று அவர்களுக்கு அவன் விளக்கம் சொன்னான்.

2021இன் நடுப்பகுதியில் நோவு திரும்பி வந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று குகதாசன் இன்னொரு சீற் வாங்கினான். பிறகு மூன்றாவது. மூன்றாவதைப் பூட்டியும் பயனில்லை. முன்னைய இரண்டும் கோழிக்கூட்டுக்கு மேல் கிடக்கின்றன.

இந்த முறை வந்தது முன்னையதுபோல் இல்லை. பத்து நாள், பதினொரு நாள் இரத்தம் போனது. முதல் நான்கு நாட்களும் கட்டி கட்டியாகப் போனது. இரண்டு பாட் ஒன்றாக வைத்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. கறுப்புப் பாவாடையைத் தவிர வேறொன்றும் அந்த நாட்களில் அவள் உடுப்பதில்லை.

கடித விநியோகத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சந்தியில் தொடங்கி, குடியிருப்பைச் சுற்றி, வாய்க்கால் கட்டு வழியாக அமராவதி வீட்டில் முடியும். மேனுகாவுக்கு அந்த நாட்களில் இன்னோர் ஒழுங்கும் இருந்தது. சந்தி வீட்டில் கக்கூஸ் வெளியே, தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிற்கும். வாசிகசாலையில் பூட்டியிருக்கும், திறப்பு பக்கத்துக் கடையில். கோயில் மடத்தில் நல்ல வசதி, ஆனால் அந்த நாட்களில் அந்த வளவுக்குள் கால் வைக்க முடியாது. ஆகவே வாசிகசாலைக்குப் பிறகு அமராவதி வீடுதான். நடுவில் வாய்க்கால் கட்டு, ஐம்பது நிமிடம், ஒரு வீடு கிடையாது. அந்த ஐம்பது நிமிடத்தை அவள் எழும்பி நின்றபடி மிதித்தாள்.

குடும்பநல உத்தியோகத்தர் டிலுசா இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்தது 2022இல். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பம். மேனுகாவை விடப் பத்து வயது குறைவு. ஸ்கூட்டியில் திரிவார். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். 2023 ஆவணியில் ஒருநாள் அவருக்கு வந்த கடிதத்தை மேனுகா நீட்டியபோது, டிலுசா கடிதத்தை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தார்.

"ஏன் மிஸ், சாத்திரம் பாக்கப் போறீங்களோ?"

"ஓம், சாத்திரந்தான்." நகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "இதென்ன அக்கா, கடிதக் கடதாசி மாதிரி வெள்ளையாக் கிடக்கு. பீரியட் எத்தினை நாளைக்குப் போகுது?"

"பத்து. சிலநேரம் பதினொண்டு."

"எத்தினை பாட் மாத்துவியள்?"

மேனுகா சொன்னாள். டிலுசா பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"இதை ஒருத்தருக்கும் காட்டேல்லையோ?"

"இது வருத்தம் இல்லை மிஸ். எனக்கு இடுப்பிலை துண்டு இருக்கு, எக்ஸ்ரேயும் வீட்டிலை இருக்கு. அதாலை."

"சரி, துண்டு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை சுகவனிதையர் கிளினிக் இருக்கு. வாங்கோ, இரத்தம் பாப்பம்."

"ஸ்கானும் எடுப்பினமோ?"

"எடுக்கத்தான் சொல்லுவினம்."

"ஸ்கானிலை துண்டு தெரியுந்தானே."

"தெரிஞ்சா என்ன?"

மேனுகா சைக்கிளை எடுத்தாள். தெரிந்தால் எடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இப்போதுள்ள ஆஸ்பத்திரிகளில் எல்லா வசதியும் இருக்கிறது. வசதி இருந்தால் வெட்டுவார்கள்.

வீட்டில் குகதாசனும் அதையேதான் சொன்னான். "சும்மா கிடக்கிறதைக் கிண்டக் குடுக்காதை. அந்த டொக்டர் அவ்வளவு சனத்துக்கு நடுவிலை நிண்டும் உனக்கெண்டு ஒரு சொல் சொல்லியிருக்கிறார்." டிலுசா எழுதிக் கொடுத்த சீட்டு அலுமாரிக்குள், எக்ஸ்ரே உறைக்குள் போனது.

டிலுசா விடவில்லை. புரட்டாதியில் றோட்டில் மறித்துக் கேட்டார். லீவு கிடைக்கவில்லை என்றாள் மேனுகா. ஐப்பசியில் கேட்டார். எந்த வெள்ளியென்று மாறிப்போய்விட்டது என்றாள். பிறகு, தான் கொஞ்சம் கெட்டித்தனமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "நீங்களும் ஒரு கடிதம் கிடிதம் அனுப்பேல்லையே மிஸ். கடிதம் வந்தால் எனக்கு ஞாபகம் வந்திருக்கும்" என்றாள்.

"அப்பிடியோ" என்று சொல்லிவிட்டு டிலுசா ஸ்கூட்டியை எடுத்தார்.

கார்த்திகை முதல் கிழமையில், காலையில் தபாலைப் பிரித்துக் கூடுகளில் போடும்போது நடராசா ஒரு கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது அவருக்கு. விதிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேலை செய்வது அவருக்குப் பழக்கமில்லை.

"மேனுகா, உமக்கொரு பதிவுத் தபால். கையெழுத்து வையும்."

உறையின் பின்பக்கத்தில் டிலுசாவின் பெயர் நீல மையில் இருந்தது.

"பிறகு வைக்கிறன் ஐயா."

"பிறகு எண்டொரு கூடு இந்தக் கந்தோரிலை இல்லை. ஒண்டில் ஏற்கிறது, ஒண்டில் மறுக்கிறது. மறுக்கிறதெண்டால் 'பெறுநர் மறுத்தார்' எண்டு எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டிய ஆளும் நீர்தான். கொண்டுபோறதும் நீர், வாங்கிறதும் நீர்."

"ஆள் வீட்டிலை இல்லையெண்டால்?"

"ஆள் எனக்கு முன்னாலை நிக்குது."

"விலாசம் வீட்டு விலாசம் ஐயா. இப்ப நான் வீட்டிலை இல்லைத்தானே."

நடராசா கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். அவள் சொல்வதில் பிழை பிடிக்க அவரால் முடியவில்லை. "சரி. ஒரு கிழமை இஞ்சை கிடக்கும். எட்டாம் நாள் அனுப்பின ஆளுக்குத் திரும்பிப் போகும்" என்று கடிதத்தைத் தன் மேசையின் இடது மூலையில் வைத்தார்.

உள்ளே என்ன இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றே மேனுகா நினைத்தாள். ஸ்கானுக்கான நாளும் வெட்டுவதற்கான நாளும் இருக்கும். கையெழுத்து வைத்தால், தனக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. ஒவ்வொரு காலையும் அந்த உறை அதே மூலையில் கிடந்தது. இரண்டாம் நாள் அதன்மேல் நடராசா ஒரு முத்திரைக்கட்டையை வைத்திருந்தார். நான்காம் நாள் கட்டையை எடுத்துவிட்டிருந்தார்.

ஐந்தாம் நாள் அவளுக்கு மாதவிடாய் வந்தது. ஆறாம் நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. வாசிகசாலையில் பாட் மாற்றிக்கொண்டு வாய்க்கால் கட்டில் ஏறி, பாதித் தூரம் போயிருப்பாள். முதலில் காது அடைத்தது. பிறகு வயல் முழுவதும் வெள்ளையானது. சைக்கிள் சறுக்குவது தெரிந்தது. கடிதப் பையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கண் திறந்தபோது வாய்க்காலுக்குள், இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். பை கட்டின்மேல் நனையாமல் கிடந்தது. எழும்பப் பார்த்தாள். வலது கால் ஊன்றியது. இடது கால் வரவில்லை.

அவள் கத்தவில்லை. இவ்வளவு காலமும் வெட்டக் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருந்தும் கால் போய்விட்டது என்று மட்டும் நினைத்தாள். எவரும் தொடாமலே போய்விட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. பிறகு இடது கால் சைக்கிளின் கம்பிக்கும் சகதிக்கும் நடுவே சிக்கியிருப்பது தெரிந்தது. கையால் சைக்கிளைத் தள்ளினாள். கால் வந்தது.

வயலுக்குத் தண்ணீர் பார்க்க வந்த அமராவதிதான் அவளைக் கண்டார். நோகாத பக்கத்துக் கையால் பிடித்து வாய்க்கால் கட்டின்மேல் ஏற்றி இருத்தினார்.

"துண்டோடி?"

"ஓம் அக்கா."

அமராவதி வாய்க்காலைப் பார்த்தார். மேனுகா இருந்த இடத்தில் தண்ணீர் இன்னும் சிவப்பாகவே நின்றது. பகிடி ஒன்றும் அவரிடமிருந்து வரவில்லை.

"எனக்கும் துண்டு இருக்கு பிள்ளை. பதினாலு வருசமா இருக்கு. ஒருநாளும் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. புண் ஆறினாப் பிறகு துண்டுக்கு ரத்தம் எங்காலை?"

தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவளுடைய இடுப்பில் சுற்றிவிட்டார். அன்று மிஞ்சியிருந்த கடிதங்கள் நான்கு. ஒன்று அமராவதிக்கு. மற்ற மூன்றையும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அது விதிக்கு மாறானது என்று மறுநாள் நடராசா சொன்னார்.

மறுநாள் ஏழாம் நாள். மேனுகா குகதாசனின் மோட்டார் சைக்கிளில் தபாலகத்துக்கு வந்து, மேசையின் இடது மூலைக்குப் போய், பட்டியலில் கையெழுத்து வைத்தாள். அங்கேயே நின்று உறையைக் கிழித்தாள். ஒரே ஒரு தாள்.

"மேனுகா அக்காவுக்கு,

கடிதம் வரவில்லை என்று சொன்னீர்கள். அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு முன்னர் இருந்த மிஸ் எழுதிய பதிவேட்டைப் பார்த்தேன். 2019 ஆடியிலிருந்து 2021 தை வரை குடும்பக் கட்டுப்பாட்டுக்காக நீங்கள் மூன்று மாத ஊசி போட்டிருக்கிறீர்கள். மொத்தம் ஏழு. அந்தக் காலத்தில் மாதவிடாய் வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் எழுதப்பட்டிருக்கிறது. பிறகு கொரோனாவில் கிளினிக் நின்றபோது விட்டுவிட்டீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் காலத்தில் துண்டு நொந்ததா? நொந்தது என்றால் துண்டைப் பற்றிப் பேசுவோம். நோகவில்லை என்றால், நீங்கள் ஊசி போட்டது துண்டுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை வாருங்கள். எக்ஸ்ரே படத்தையும் கொண்டு வாருங்கள். துண்டில் ஒருவரும் கைவைக்க மாட்டார்கள். நான் பக்கத்தில் நிற்பேன்.

டிலுசா"

மேனுகா இரண்டு முறை வாசித்தாள். பிறகு தாளைக் குகதாசனிடம் கொடுத்தாள். அவன் வாசலில் நின்று மெல்ல மெல்ல வாசித்து முடித்தான்.

"அப்ப சீற் இல்லை" என்றான்.

"இல்லை."

"மூண்டு சீற் வாங்கினனான்."

"ஓம்."

அவள் உள்ளே திரும்பி, "ஐயா, எனக்கு வெள்ளிக்கிழமை லீவு வேணும்" என்றாள்.

நடராசா லீவுப் படிவத்தை எடுத்தார். "காரணம் என்ன எழுத? துண்டோ?"

"சுகவீனம் எண்டு எழுதுங்கோ."

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு இருந்தது. அன்றே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு பைக்கற் இரத்தம் ஏற்றினார்கள். டிலுசா சொன்னபடி பக்கத்தில் நின்றார். இரத்தம் ஏறும் நேரத்தில், கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்று ஒருமுறை சொன்னார்.

பெண்நோயியல் டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். நிறையக் கேள்வி கேட்டார். கருத்தடைக்கு லூப் போட்டிருக்கிறாளா, இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை ஏதும் குடிக்கிறாளா, பல் முரசில் இரத்தம் வருகிறதா, சும்மா தட்டினாலும் உடம்பு கண்டிப்போகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மேனுகா இல்லை என்றாள்.

"வீட்டிலை வேற ஆருக்கும் இப்பிடிக் கூடப் போறதோ?"

"அம்மாவுக்குப் போறது."

"அம்மாவுக்கு எத்தினை வயதிலை நிண்டது?"

"அது நிக்கிற வயதுக்கு முதலே அம்மா போயிட்டா."

டொக்டர் எந்த வருடம் என்று கேட்கவில்லை.

"கூடப் போறதுக்கும் நோகிறதுக்கும் காரணம் ஒண்டில்லை" என்றார். "கருப்பையிலை சதைக்கட்டி வரலாம். கருப்பையின்ரை உள்தோல் அதின்ரை சுவருக்குள்ளையோ வெளியிலையோ வளரலாம். தைரொயிட்டாலை வரலாம், லூப்பாலை வரலாம், இரத்தம் உறையாத வருத்தத்தாலை வரலாம். அருமையாப் புற்றாலையும் வரலாம். ஒவ்வொண்டாப் பாத்துக் கழிக்க வேணும். ஆனா உங்கடை இரும்புத் துண்டு அந்தப் பட்டியலிலை இல்லை."

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தைரொயிட் சரியாக இருந்தது. கருப்பையின் உள்தோலில் சிறிது எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமையில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று மறுமொழி வந்தது. ஸ்கானில் இடது பக்கத்தில் தோடம்பழ அளவில் ஒரு சதைக்கட்டி தெரிந்தது. கருப்பைச் சுவரும் தடித்திருந்தது. இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கிய நோவு அதிலிருந்துதான் என்றார் டொக்டர்.

கடைசியில் இடுப்பைப் புதிதாக ஓர் எக்ஸ்ரே எடுத்து, மேனுகா கொண்டுவந்த பழைய படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

"வடிவாப் பாருங்கோ. பதினாலு வருசமா ஒரு நூல் அசையேல்லை. பின்பக்கத்துச் சதைக்குள்ளை, எலும்புக்கு அங்காலை நிக்குது. உங்கடை துண்டு துணுக்காயிலை எண்டால் கருப்பை முல்லைத்தீவிலை. ரெண்டுக்கும் நேர பஸ்சும் இல்லை."

"மாங்குளத்திலை மாறலாம் டொக்டர்" என்றான் குகதாசன். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. டொக்டர் சிரித்ததைக் கண்டு அவனும் சிரித்தான்.

இரும்புச்சத்துக் குளிசையும், இரத்தப் போக்கைக் குறைக்க அந்த நாட்களில் மட்டும் குடிக்கும் குளிசையும் தந்தார்கள். ஆறு மாதம் பார்த்தார்கள். பதினொரு நாள் எட்டாகக் குறைந்தது. இரத்தம் ஒன்பதுக்கு ஏறி, அதற்கு மேல் ஏற மறுத்தது. கட்டி வளர்ந்திருந்தது. டொக்டர் மீண்டும் கூப்பிட்டு இருத்திச் சொன்னார். ஊசியை மறுபடி தொடங்கலாம், ஆனால் கட்டி இருக்கும். ஹோர்மோன் லூப் இருக்கிறது, ஆனால் கட்டி உட்பக்கம் தள்ளியிருப்பதால் லூப் உள்ளே நிற்காது. கட்டியை மட்டும் எடுக்கலாம், ஆனால் சுவரின் தடிப்பு அப்படியே இருக்கும். பிள்ளை போதுமென்றால் கருப்பையை எடுக்கலாம். அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லலாம்.

மேனுகா இரண்டு கிழமை யோசித்தாள். போய், "எடுங்கோ" என்றாள். ஒரேயொரு கேள்வி வைத்திருந்தாள்.

"கால்?"

"காலுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை."

2024 ஆவணியில் நாள் தந்தார்கள். முதல் நாள் பின்னேரம், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வார்டுக்கு வந்தார். இளம் ஆள். படிவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முழு மயக்கம் இல்லை. முள்ளந்தண்டிலை ஊசி போடுவம். இடுப்புக்குக் கீழை ரெண்டு காலும் விறைச்சுப் போகும். ஒண்டும் தெரியாது."

இதை அதுவரை ஒருவரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"ரெண்டு காலுமோ?"

"ஓம்."

"எனக்கு இடது இடுப்பிலை துண்டு இருக்கு டொக்டர். நரம்புக்குப் பக்கத்திலை."

அவர் படத்தைக் கேட்டு வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேனுகா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி போடுற இடத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. மூண்டு நாலு மணித்தியாலத்திலை ரெண்டு காலும் திரும்பி வரும்."

"வராட்டி?"

"வரும்."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் பேனையை நீட்டினார். படிவத்தின் அடியில் புள்ளியிட்ட கோடு இருந்தது. இங்கேயும் பிறகு என்றொரு கூடு இல்லை. அவள் கையெழுத்து வைத்தாள்.

காலை ஒன்பதரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னர் வார்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கட்டி வந்துவிட்டது என்றார்கள். மேனுகா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு வெள்ளைப் போர்வைக்குக் கீழே மேடாக நின்ற இரண்டு பாதங்களைப் பார்த்தாள். அவை வேறு யாருடையவோ போல இருந்தன.

"இஞ்சாருங்கோ, போர்வையைக் கொஞ்சம் தூக்கி விடுங்கோ. விரலைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

குகதாசன் கட்டிலின் காலடியில் போய் நின்றான். வயலில் தண்ணீர் திறந்துவிட்டு நிற்பதுபோல நின்றான்.

ஒன்று பத்துக்கு வலது பெருவிரல் அசைந்தது. ஒன்று இருபத்தைந்துக்கு வலது பாதம் திரும்பியது. ஒன்றே முக்காலுக்கு வலது முழங்காலை மடக்க முடிந்தது. இடது கால் வைத்த இடத்திலேயே கிடந்தது.

குகதாசன் போய்த் தாதியைக் கூட்டிவந்தான். தாதி இடது பாதத்தில் கிள்ளி, "தெரியுதோ?" என்றார்.

"இல்லை."

"சில ஆக்களுக்கு ஒரு பக்கம் முந்தும். பொறுங்கோ. ரெண்டும் ஒரே பஸ்சிலை வராது" என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவன் மறுபடி காலடியில் போய் நின்றான். பக்கத்தில் கதிரை இருந்தும் இருக்கவில்லை. மேனுகா மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனுடைய முகத்தைப் பார்த்தாள். காலைவிட அதில் முதலில் தெரியும் என்று பட்டது. வெளியே யாரோ சாப்பாட்டுக் கரியரைத் திறந்தார்கள். மீன் குழம்பு வாசம் வந்தது.

இரண்டு மணி ஏழு நிமிடம்.

"மேனு, இப்ப ஆட்டினனீயோ?"

"இல்லை."

"ஆடினது."

"எது?"

"சின்ன விரல். ஒருக்கா ஆட்டிப் பார்."

அவள் ஆட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குகதாசன் குனிந்தான். பிறகு கதிரையை இழுத்து மெல்ல இருந்தான்.

"இடதோ?" என்று கேட்டாள்.

"இடது" என்றான்.